தெற்கே சுற்றிப் போகும் விமானம்

"நேர் வழி திறந்தா மூணு மணி நேரத்துல தூத்துக்குடி. தெற்கே சுத்திப் போனா ஆறு ஆகும், ஏழுகூட ஆகலாம்" என்றார் டாக்டர் சபீனா. "எந்த வழின்னு முடிவு பண்றதுக்கு முன்னால மருந்தைப் பத்தி நான் சொல்லியாகணும்."

போர்ட் பிளேர் விமான நிலையத்தில் பயணிகளைச் சோதித்து அனுப்பும் மருத்துவர் அவர். பூர்வீகம் காயல்பட்டினம். அவருக்கு எதிரே பனிமயமும் அவள் கணவன் லிகோரியும் நனைந்த குடையைக் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரெல்லாம் பாசி. வெளியே மழை. எந்நேரமும் பெய்துகொண்டே இருந்ததால் அதை யாரும் கவனிப்பதில்லை.

"தெரியும் டாக்டர். மறதி ஊசி" என்றாள் பனிமயம்.

வங்கக் கடலில் புயல் காலம் என்று தனியாக ஒன்று இல்லாமல் போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு புயல் கரையேறுவதற்குள் அடுத்தது கிளம்பிவிடும். போன வருடம் கப்பலும் நின்றது. விமானம் மட்டும் போய்வந்துகொண்டிருந்தது. ஆனால் விழித்தபடி அதில் யாரும் போக முடியாது. குலுக்கல் அப்படி. பயத்தில் உடம்பை இறுக்கிக்கொண்டவர்களுக்குக் கழுத்தும் முதுகும் முறிந்தன. ஆரம்பத்தில் நிறையப் பேர் அப்படிச் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் பயணிகளுக்கு ஊசி போட்டு, உடம்பைத் துணி மாதிரித் தளர்த்தித் தூங்கவைத்து, மெத்தை வைத்த நீளப் பெட்டிகளில் கட்டி அனுப்பும் முறை வந்தது. அந்தப் பெட்டிகளைத் தொட்டில் என்றார்கள்.

"எவ்வளவு மறக்கும்?" என்று கேட்டான் லிகோரி.

"பழசு எதுவும் போகாது. பேரு, ஊரு, கல்யாணம் எல்லாம் அப்படியே இருக்கும். ஞாபகம்ங்கிறது சுவர்ல பூசின சிமெண்ட் மாதிரி. தொடாம விட்டா காஞ்சு இறுகிடும். அதை இந்த மருந்து ஒண்ணும் பண்ணாது. ஆனா சிலதை நாம தினமும் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருப்போம். அது காயாது. அந்த ஈரத்தைத்தான் இது கரைச்சுடும். மூணு மணி நேரத் தூக்கம்னா மேலாகப் போகும், மிச்சம் நிக்கும். ஆறு மணி நேரம்னா அடியோட போயிடும்."

பனிமயம் தினமும் தொட்டுப் பார்ப்பது எது என்பது அறையில் இருந்த மூவருக்கும் தெரியும்.

அவளுக்கு இந்தத் தீவில் ஒரு ஆண் குழந்தை பிறந்திருந்தது. கஸ்பார் என்று பெயர். இதயத்தில் கோளாறோடு பிறந்தவன். அறுவைச் சிகிச்சைக்குக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். பச்சைக் குழந்தைக்கு அந்த ஊசி ஆகாது. ஊசி இல்லாமல் விமானம் ஏற்ற முடியாது. மூன்று மாதம் இருந்தான். அவன் போய் இரண்டு மாதம் ஆகிறது.

இப்போது மூத்தவள் அமலி. பன்னிரண்டு வயது. கப்பல் ஓடிய நாளிலேயே படிப்புக்காகத் தூத்துக்குடியில் பெரியம்மா ஜெசிந்தா வீட்டில் விடப்பட்டவள். அவள் உடம்பில் இரத்தம் ஊறுவது நின்றுபோயிருந்தது. எலும்பு மஜ்ஜை கொடுக்க வேண்டும். பெரியம்மாவுடையது சேரவில்லை. லிகோரிக்கு எப்போதோ வந்த காமாலைக் கிருமி இன்னும் இரத்தத்தில் இருப்பதால் அவனுடையதும் ஆகாது. அம்மாவுடையது பொருந்தியது.

"இங்கேயே எடுத்து அனுப்ப முடியாதா டாக்டர்?" என்றான் லிகோரி. பதில் தெரிந்தே கேட்டான்.

"எடுக்கிற எந்திரம் தீவுல இல்ல. எடுத்தாலும் அந்தக் குலுக்கலை அது தாங்காது."

"முழிச்சுக்கிட்டே போறேன்" என்றாள் பனிமயம். "எழுதிக் குடுக்கிறேன். கழுத்து முறிஞ்சா முறியட்டும்."

"முறிஞ்சா அமலிக்கு யாரும்மா குடுக்கிறது?"

அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. சபீனா கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நேர் வழி ரெண்டு வாரத்துல கொஞ்ச நேரம் திறக்கலாம்னு வானிலை ஆளுங்க சொல்றாங்க. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில பொறுக்கலாம்னா பொறுங்க. அதுவரைக்கும் பையனை நினைக்காம இருக்கப் பாருங்க. எவ்வளவு நினைக்காம இருக்கீங்களோ அவ்வளவு மிஞ்சும்."

பொறுக்கலாம் என்றுதான் தூத்துக்குடி மருத்துவர்களும் முதலில் சொன்னார்கள்.

லிகோரி மின் நிலையத்தில் வேலை பார்த்தான். அன்று மாலை குழந்தையின் துணி, போர்வை, கிலுகிலுப்பை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அடுத்த வீட்டில் கொடுத்துவைத்தான். பனிமயம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை. இரண்டு நாள் வீட்டைக் கழுவினாள். காயாத துணிகளைத் திரும்பத் திரும்ப இஸ்திரி போட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களோடு உட்கார்ந்து மீன் ஆய்ந்தாள். நினைக்கக் கூடாது என்று நினைக்கும்போதே அவன் வந்து நின்றான். மூன்றாம் நாள் லிகோரி வேலையிலிருந்து திரும்பியபோது பை கட்டிலில் பிரிந்து கிடந்தது. அவள் ஒவ்வொரு துணியையும் முகர்ந்துகொண்டிருந்தாள்.

"மழையில எல்லாம் பூசணம் பிடிச்சுப்போச்சுங்க. அவன் வாசனையே இல்ல."

"பனி, டாக்டர் என்ன சொன்னாங்க?"

"நினைக்காம இருந்தா நிலைக்குமாம். அது என்ன நியாயம்? நினைக்காம வச்சிருக்கிற பிள்ளையை நான் என்ன செய்ய?"

லிகோரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து துணிகளை மடித்துக் கொடுத்தான்.

இரண்டாவது வாரம் தொடங்கும்போது ஜெசிந்தா போன் செய்தாள். அமலிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. ஈறிலிருந்து இரத்தம் வருகிறது. இனி நாள் தள்ள வேண்டாம் என்கிறார்கள். நேர் வழி திறக்கவில்லை. தெற்கே நிக்கோபாரைத் தாண்டி, இலங்கைக்குக் கீழே வளைந்து, மன்னார் வளைகுடா வழியாக ஏறும் விமானம் மறுநாள் காலையில் கிளம்புகிறது என்றார்கள்.

"நானும் வாரேன்" என்றான் லிகோரி.

"வேண்டாம்."

"தனியா எப்படிப் போவ?"

"ரெண்டு பேரும் தூங்கிட்டா, கஸ்பாரைத் தூக்கின கை ஒண்ணுகூட இந்த உலகத்துல இருக்காது. நீங்க இருங்க. அவனை வச்சுக்கிட்டு இருங்க."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

தொட்டிலிலிருந்து எழுப்பப்படுபவரின் பக்கத்தில் நெருங்கிய உறவினர் ஒருவர் இருந்து, நடந்ததைச் சொல்ல வேண்டும் என்பது விமான நிலையத்தின் விதி. தூத்துக்குடியில் அது ஜெசிந்தாவின் வேலை. கிளம்பும் முன் பனிமயம் அவளிடம் பேசினாள்.

"எக்கா, பிறந்தான் செத்தான்னு ஒரே மூச்சுல சொல்லிராத. அவன் பேரைச் சொல்லு. அவன் சிரிக்க ஆரம்பிச்சிருந்தான்னு சொல்லு."

"சொல்லுதேன் பிள்ள. நீ வா."

"நான் அழலேன்னா என்னைத் தப்பா நினைக்காத."

*

தூத்துக்குடியில் பனிமயம் கண் திறந்தபோது முதலில் பட்டது காய்ந்த காற்று. உதடு அதற்குள் வெடித்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே உப்பளங்கள் கண்ணைக் குத்தும் வெள்ளையாகக் கிடந்தன. பக்கத்தில் அக்கா இருந்தாள். எதற்காக இங்கே வந்தோம் என்று யோசிப்பதற்கு முன்பே அவள் கை வயிற்றுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"எக்கா, எம் வயிறு?"

ஜெசிந்தா இதை எப்படி எல்லாமோ சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. தங்கையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, பிறந்தது, பெயர் வைத்தது, சிரித்தது, போனது எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். பனிமயம் கேட்டுக்கொண்டிருந்தாள். கர்ப்பமாக இருந்ததும், கால் வீங்கியதும் அவளுக்கு ஞாபகம் இருந்தன. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அக்கா போனில் காட்டிய படத்தைப் பார்த்தாள். அவள் மடியில்தான் குழந்தை இருந்தது.

"பாவம்" என்றாள். சொன்ன பிறகு தன் குரலே அவளுக்கு அந்நியமாக இருந்தது.

பிறகு ஜெசிந்தா அமலியைப் பற்றிச் சொன்னாள். அப்போதுதான் பனிமயம் அலறினாள்.

மஜ்ஜை எடுத்தார்கள், கொடுத்தார்கள். ஒரு மாதம் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மகளைப் பார்த்தாள். அதன் பிறகு அமலி தேறினாள். தலையில் பூனை மயிர் போல முடி முளைத்தது. முந்திரி மக்ரூன் வேண்டும் என்று அடம்பிடித்தாள். வாங்கி வந்தால் ஒன்றைத் தின்றுவிட்டு மிச்சத்தைப் பக்கத்துப் படுக்கைக்குக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும், வெயில் இறங்கிய பிறகு கடல் சுவர் வரை நடந்து போவார்கள். மழையே பார்க்காத அந்த ஊரில் குடிநீர் லாரியில் வந்தது. லாரி வரும் நாளில் தெருவே திருவிழா மாதிரி இருக்கும்.

லிகோரி தினமும் போன் செய்தான். அமலியிடம் பேசிவிட்டு, பனிமயத்திடம் கஸ்பாரைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்வான். குளிப்பாட்டும்போது அழமாட்டான், துடைக்கும்போதுதான் அழுவான் என்பான். அவள் "ம்" போடுவாள்.

"எம்மா, ஒனக்கு நெசமாவே தம்பி ஞாவகம் இல்லையா?" என்று ஒருநாள் அமலி கேட்டாள்.

"இல்ல."

"நான் போன்ல பாத்திருக்கேன். நான் பாட்டுப் பாடுனா நீ அவனை எம் பக்கம் திருப்பிக் காட்டுவ. அவன் கொட்டாவி விடுவான். எம் பாட்டு அவ்வளவு நல்லாருக்கு!"

அமலி சிரித்தாள். பனிமயமும் சிரித்தாள். பிறகு சமையலறைக்குப் போய் அக்காவிடம் மெதுவாகச் சொன்னாள்: "யாரோ வீட்டுப் பிள்ளையைப் பத்திப் பேசுத மாதிரி இருக்குக்கா. அவரு சொல்லச் சொல்ல எனக்கு அவரைப் பாத்துத்தான் அழுகை வருது. பிள்ளைக்கு வரல."

ஐந்தாவது மாதம் அமலியின் தோலில் சிவப்புத் தடிப்புகள் வந்தன. உள்ளே போன மஜ்ஜை அவள் உடம்பையே எதிரியாக நினைத்து அடிக்கிறது என்றார் மருத்துவர். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்பதையும் அவரே வெளியே அழைத்துச் சொன்னார். கடைசி வாரம் அமலி அதிகம் பேசவில்லை. ஒரு மதியம், ஈரத் துணியால் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்த அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி தளர்ந்தபோது பனிமயம் அவள் தூங்கிவிட்டாள் என்றே நினைத்தாள்.

அடக்கத்தை லிகோரி போனில்தான் பார்த்தான். தீவில் மழை இரைச்சல். அவன் அழுதது இங்கே சரியாகக் கேட்கவில்லை.

*

அதற்குப் பிறகு பனிமயம் எழுந்திருக்கவில்லை. உடம்பில் நோய் எதுவும் இல்லை. சோற்றைக் கொடுத்தால் கையில் வைத்திருப்பாள். பேசினால் பார்ப்பாள். அமலியின் கட்டிலிலேயே கிடந்தாள். மாதங்கள் போயின, சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டாள். ஜெசிந்தா தாங்காமல் தீவுக்குப் போன் செய்தாள்.

"தம்பி, இவளையும் தூக்கிக் குடுத்துருவோம் போலிருக்கு. நீங்க வாங்க."

"அவளை இங்க அனுப்ப முடியாதா மைனி?"

"இந்த உடம்பை எந்த டாக்டர் ஏத்துவாரு? அப்படியே அனுப்புனாலும், அமலி கூட இருந்த அஞ்சு மாசமும் போயிருமே. அது ஒண்ணுதானே அவகிட்ட இருக்கு?"

லிகோரி சபீனாவிடம் போனான். வழக்கம்போல் தெற்குச் சுற்று மட்டும்தான் திறந்திருந்தது. சபீனா விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "எவ்வளவு காஞ்சிருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"தினமும் தொடுறேன் டாக்டர். தொடாம இருக்கச் சொல்லித்தானே எல்லாரும் சொல்றீங்க. எனக்கு இருந்த வேலையே அதுதானே?"

"அப்படின்னா பையனும் போயிடுவான். மகள் போனதும் போயிடும். திரும்ப ஒரு தடவை முதல்லருந்து கேட்கணும்."

"தெரியும்."

அன்று மாலை பனிமயத்தின் காதில் ஜெசிந்தா போனை வைத்தாள்.

"பனி, நான் வாரேன்."

நாள் கணக்கில் வாய் திறக்காதவள் அதற்குப் பேசினாள். "வராதீங்க. அவன் உங்ககிட்டதான் இருக்கான். அங்கயே இருங்க."

"இருக்கான். ஆனா நீ இல்லாமப் போயிட்டா நான் அவனை யார்கிட்டச் சொல்வேன்?"

அவள் போனை அக்காவின் கையிலிருந்து தானே வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள்.

"இப்ப சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன். கேட்டு வச்சுக்க. நாளைக்கு எனக்கு நீதான் சொல்லணும்."

விமானத்துக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரமும் அவன் சொன்னான். பிறந்தபோது தலை ஒரு பக்கம் நீண்டிருந்தது, தாதி தடவித் தடவிச் சரிசெய்தாள். இடது கைக்கட்டை விரலை மட்டும்தான் சப்புவான். மின்வெட்டில் விளக்கு அணைந்தால் பயப்படமாட்டான், திரும்ப எரிந்தால்தான் திடுக்கிடுவான். மூச்சு வாங்கும்போது நெஞ்சுக்குழி எப்படி உள்ளே போகும் என்று சொன்னான். கடைசி நாள் பால் குடிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று சொல்லும்போது அவனால் முடியவில்லை. நிறுத்திவிட்டு, மறுநாள் அங்கிருந்து தொடங்கினான். பனிமயம் முதல் நாள் படுத்தபடி கேட்டாள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து கேட்டாள். "எந்தக் கை விரல்?" என்று திரும்பக் கேட்டாள். ஜெசிந்தா கொடுத்த கஞ்சியைப் போன் பேசிக்கொண்டே குடித்தாள்.

"வேற ஏதாவது?" என்றாள் கடைசி நாள்.

"இல்ல. அவ்வளவுதான். சின்னப் பிள்ளை, எவ்வளவு இருக்கும்?"

*

விமானம் நன்றாகக் குலுங்கித்தான் வந்து சேர்ந்தது. தொட்டில்களை இறக்கி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகளுக்குள் தள்ளினார்கள். பனிமயம் இருந்த அறையில் ஒரு செவிலியும், ஒரு குவளைத் தண்ணீரும், இரண்டு நாற்காலிகளும் இருந்தன. சொல்ல வேண்டியதைப் பனிமயம் வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். முதலில் மகனை, பிறகு மகளை. ஒரே மூச்சில் சொல்லக் கூடாது. பேரைச் சொல்ல வேண்டும்.

லிகோரி கண் திறந்தான். கூரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"பனி. இது என்ன ஊரு, இப்படிக் காந்துது?"

"தூத்துக்குடி."

"தூத்துக்குடியா? நாம எப்ப வந்தோம்? நீ ஏன் இப்படி இளைச்சுப்போயிருக்க?" அவன் பார்வை கீழே இறங்கி அவள் வயிற்றில் நின்றது. அவன் முகம் மெல்ல மெல்ல மலர்வதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "பனி! பிறந்திடுச்சா?"

செவிலி அவளைப் பார்த்துத் தலையசைத்தாள், சொல்லுங்கள் என்பதுபோல.

"பிறந்திடுச்சு" என்றாள் பனிமயம். "ஆம்பளப் பிள்ள."

"ஐயோ! நான் கூட இருந்தேனா?"

"இருந்தீங்க. நீங்கதான் முதல்ல தூக்குனீங்க."

"யாரு மாதிரி இருக்கான்?"

"உங்க மாதிரிதான். காது மட்டும் எனக்கு."

அவன் சத்தமாகச் சிரித்தான். மருந்தின் தளர்ச்சியில் சிரிப்பு தொண்டையில் சிக்கி இருமலானது. அவள் அவன் நெஞ்சைத் தடவிக் கொடுத்தாள். ஒரு வருடத்துக்கு மேல் அவள் தொடாத நெஞ்சு.

"அமலிக்குத் தெரியுமா? அவகிட்டச் சொல்லியாச்சா?"

"தெரியும். போன்ல பாத்தா. அவனுக்குப் பாட்டெல்லாம் பாடுனா."

"அவ பாட்டையா? பாவம் பிள்ள!" அவன் கையை ஊன்றி எழப் பார்த்தான், முடியவில்லை. "எங்க ரெண்டு பேரும்? வெளிய இருக்காங்களா? மைனி வச்சிருக்காங்களா? கூப்பிடேன்."

செவிலி ஓரடி முன்னால் வந்தாள். பனிமயம் அவளைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினாள். பிறகு தண்ணீர்க் குவளையை எடுத்து, அவன் தலையைத் தூக்கித் தன் கையில் தாங்கிக்கொண்டாள்.

"முதல்ல இதைக் குடிங்க. சொல்லுதேன்."

அவன் குடித்தான். அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், சிரித்த முகத்தோடு, தாகமெடுத்த பிள்ளை மாதிரிக் குடித்தான். அவள் குவளையை அதிகம் சாய்க்காமல் பிடித்துக்கொண்டாள்.